சிவப்பு எழுத்து நாட்கள்

மறக்கக் கூடாத நாளை ஆங்கிலேயர் ‘ரெட் லெட்டர் டே’ என்பார்கள். சிவப்பு எழுத்து நாள். முதல் குழந்தை பிறந்த நாள், ஊருக்கு ரயில் வந்த நாள், வழக்கு ஜெயித்த நாள் என்று எதற்கும் இன்று அந்தப் பேச்சு பொருந்தும். பேச்சு வழக்காக ஆவதற்கு முன்பு அது நாட்காட்டி எழுதுவோரின் தொழில் விவரமாக இருந்தது. ஐரோப்பியத் தேவாலய நாட்காட்டிகளில் சாதாரணப் புனிதர்களின் பெயர்களைக் கறுப்பு மையிலும் பெரிய திருநாட்களைச் சிவப்பு மையிலும் எழுதினார்கள். எது பெரிய திருநாள் என்பதை எழுதுகிறவர் முடிவு செய்ததில்லை. அந்த அதிகாரம் மடங்களிடமும் ஆயர்களிடமும் தொடங்கி, அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போய், கடைசியில் வங்கி விடுமுறைச் சட்டத்திடம் வந்து சேர்ந்தது. சிவப்பு மையின் கதையில் பெரும்பகுதி அந்த அதிகாரம் கைமாறிய கதைதான்.

கறுப்பு, சிவப்பு என்ற இரட்டை மை கிறிஸ்தவத்தைவிட மிகப் பழையது. எகிப்திய எழுத்தரின் மரப்பலகையில் இரண்டு குழிகள் இருக்கும். ஒன்றில் புகைக்கரியால் செய்த கறுப்பு, மற்றொன்றில் காவிக்கல்லை அரைத்த சிவப்பு. தலைப்புகளையும் பத்தித் தொடக்கங்களையும் சிவப்பில் எழுதினார்கள். நாட்களைப் பொறுத்தவரை அங்கே வழக்கம் நேர்மாறானது. இரண்டாம் ராம்செஸ் காலத்தைச் சேர்ந்த, இன்று கெய்ரோ நாட்காட்டி என்று அறியப்படும் பாப்பிரஸ் சுருளில் ஒவ்வொரு நாளுக்கும் நல்லது, கெட்டது குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் சிவப்பில் இருப்பவை ஆகாத நாட்கள். தமிழ்ப் பஞ்சாங்கம் விலக்கச் சொல்லும் நாளுக்குக் கரிநாள் என்று பெயர். எகிப்தியருக்கு அது செந்நாள்.

ரோமானியர் நாட்காட்டியைச் சுவரில் எழுதிவைத்தார்கள். ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்துவதற்கு முந்தைய ஒரே ஒரு மாதிரிதான் இன்றுவரை கிடைத்திருக்கிறது. ரோமுக்குத் தெற்கே உள்ள ஆன்ட்டியம் நகரில், இன்றைய அன்சியோவில், 1915இல் அது துண்டு துண்டாகக் கண்டெடுக்கப்பட்டது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் 13 நெடும்பத்திகள்: 12 மாதங்களும், சில ஆண்டுகளில் இடையே செருகப்படும் ஒரு மாதமும். எழுத்துகள் கறுப்பிலும் சிவப்பிலும் இருக்கின்றன. சந்தை நாளைக் கணக்கிட ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில், அன்று நீதிமன்றம் நடக்குமா, மக்கள் சபை கூடலாமா என்பதைச் சொல்லும் குறியும் உண்டு. ஆக, இப்போது கிடைத்திருக்கும் மிகப் பழைய ரோமானிய நாட்காட்டியிலேயே முக்கியமான கேள்வி, இன்று அலுவலகம் உண்டா இல்லையா என்பதுதான்.

சிவப்புக்கு மதிப்பு வந்ததற்கு அதன் விலையும் ஒரு காரணம். காவிக்கல் எங்கும் கிடைக்கும், ஆனால் அதன் நிறம் மங்கல். பளிச்சென்ற சிவப்பு வேண்டுமென்றால் சாதிலிங்கம் வேண்டும். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ரோமுக்கு அது ஸ்பெயினில் சிசாப்போ என்ற இடத்தின் சுரங்கங்களிலிருந்து, இன்றைய அல்மாதேன் பகுதியிலிருந்து வந்தது. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி அந்த வணிகத்தை விவரமாகக் குறித்துவைத்திருக்கிறார். வெட்டிய கனிமத்தை அங்கேயே சுத்தம் செய்ய அனுமதி இல்லை. முத்திரையிட்டு ரோமுக்குக் கொண்டுவந்துதான் கழுவ வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 2,000 ராத்தல் வந்தது. ஒரு ராத்தல் 70 செஸ்டர்ஸுக்கு மேல் விற்கக் கூடாதென்று சட்டமே இருந்தது. இவ்வளவு கெடுபிடி இருந்தும் கலப்படம் தாராளமாக நடந்ததென்றும், நூல்கள் எழுத இந்தச் சிவப்பைப் பயன்படுத்தினார்கள் என்றும் அவரே சொல்கிறார்.

இடைக்காலத்தில் சாதிலிங்கத்தைச் சுரங்கத்துக்குப் போகாமலே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்ற துறவி எழுதிய கைத்தொழில் நூலில் செய்முறை இருக்கிறது. கந்தகத்தையும் பாதரசத்தையும் கண்ணாடிக் குடுவையில் இட்டு, களிமண் பூசி மூடி, தணலில் வைக்க வேண்டும். இரண்டும் கூடும்போது உள்ளே ஓசை கேட்கும். அது அடங்கினால் சரக்கு தயார். பிறகு அதை அரைக்க வேண்டும். எவ்வளவு அரைத்தாலும் போதாது, 20 ஆண்டு தினமும் அரைத்தாலும் நல்லதுதான் என்று இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி ஆசிரியருக்கே உரிய மிகையோடு அறிவுறுத்தினார். அரைத்த பொடியை முட்டையின் வெள்ளைக்கருவிலோ வேலம்பிசினிலோ குழைத்தால் மை. கைக்கு அடக்கமான செலவு போதும் என்றவர்கள் ஈயத்தைச் சுட்டுச் செய்த ஈயச் செந்தூரத்தைப் பயன்படுத்தினார்கள். அது இன்னும் மலிவு. நாளடைவில் கறுத்தும் போகும்.

கையெழுத்து நூல் ஒன்றில் சிவப்பு கடைசியாகத்தான் ஏறும். எழுத்தர் கறுப்பு மையில் பாடத்தை எழுதிக்கொண்டே போவார். சிவப்பு வரவேண்டிய இடங்களை வெறுமையாக விட்டு, அங்கே என்ன எழுத வேண்டும் என்பதைத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துவைப்பார். சிறிய இடங்களில் அவரே பேனாவை மாற்றிக்கொண்டு சிவப்பையும் எழுதுவார். பெரிய நகரங்களில் அதற்கென்று தனி ஆள் இருந்தார். ஓரக் குறிப்பு நூல் கட்டுபவரின் கத்தியில் வெட்டுப்பட்டுப் போகும் என்பது கணக்கு. எல்லா நேரமும் அப்படி நடக்கவில்லை. ஓரக் குறிப்பு தப்பிப் பிழைத்த நூல்களும், பணம் தீர்ந்ததாலோ ஆள் வராததாலோ சிவப்புக்கு விட்ட இடம் இன்றுவரை காலியாகவே இருக்கும் நூல்களும் ஐரோப்பிய நூலகங்களில் நிறைய உண்டு.

அந்த நூல்களில் நாட்காட்டி முதல் பக்கங்களில் வரும். இல்லத்தில் வைத்து ஜெபிக்கும் மணிநேர நூல்களை எடுத்துக்கொண்டால், மாதத்தின் தலையில், ரோமானிய முறையில் மாத முதல் நாளைக் குறிக்கும் ‘கேஎல்’ என்ற இரண்டு எழுத்து பெரிதாக நிற்கும். அதன் கீழே இடமிருந்து வலமாக நான்கு பத்திகள். முதலில் அமாவாசையைக் கணக்கிட உதவும் எண். அடுத்து ஞாயிறைக் கண்டுபிடிக்க ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு எழுத்து. பிறகு ரோமானிய முறையில் தேதி. கடைசியில் புனிதரின் பெயர். கிழமை எதுவும் எழுதப்பட்டிருக்காது, ஏனென்றால் அது ஓர் ஆண்டுக்கான நாட்காட்டி அல்ல, தலைமுறைகளுக்கானது. இந்தப் பெயர்ப் பட்டியலில்தான் கறுப்புக்கு நடுவே சிவப்பு வரும். கிறிஸ்து பிறப்பு, திருத்தூதர்களின் நாட்கள், மாதா திருநாட்கள் எங்கும் சிவப்பு. பணக்காரர் வாங்கிய பிரதிகளில் சிவப்போடு நீலமும் வரும். மிகப் பெரிய நாட்களுக்குத் தங்கம்.

இவற்றுக்கு அப்பால் ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் சிவப்பு இருந்தது. ஜனவரி 3இல் புனித ஜெனவியேவும் அக்டோபர் 9இல் புனித தெனியும் தனித்துத் தெரிந்தால் நூல் பாரிஸ் வழக்கத்தைச் சேர்ந்தது என்று ஊகிக்கலாம். ஊர் பெயரோ எழுதியவர் பெயரோ இல்லாத நூலின் பிறப்பிடத்தைத் தேடும் ஆய்வாளர் முதலில் திறந்து பார்ப்பது இந்தப் பக்கங்களைத்தான். நம்மூரிலும் ஒருவர் எந்தத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தால் மாவட்டத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா.

சிவப்பில் ஏறிய பெயரை இறக்குவதும் நடந்தது. கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் 1170 டிசம்பர் 29இல் தன் பேராலயத்துக்குள்ளேயே இரண்டாம் ஹென்றி மன்னனின் வீரர்களால் கொல்லப்பட்டார். மூன்றே ஆண்டுகளில் புனிதராக அறிவிக்கப்பட்ட அவருடைய நாள் இங்கிலாந்தெங்கும் பெரிய நாளானது. அரசனை எதிர்த்து மாண்ட ஒருவரை ஆண்டுதோறும் நினைவுகூர்வது, திருச்சபையைத் தன் கைக்குள் கொண்டுவந்த எட்டாம் ஹென்றிக்குப் பொறுக்கவில்லை. பெக்கெட்டின் பெயரை எல்லா வழிபாட்டு நூல்களிலிருந்தும் அழிக்கும்படி 1538 நவம்பரில் ஆணை பிறந்தது. அதற்குக் கீழ்ப்படிந்த விதங்களை இன்றும் பார்க்கலாம். சிலர் தோல்தாளைக் கத்தியால் சுரண்டி எழுத்தே இல்லாமல் செய்தார்கள். சிலர் மையால் அழுத்தி அடித்தார்கள். வேறு சிலர் படிக்கத் தோதாக ஒரு மெல்லிய கோட்டை மட்டும் போட்டுவைத்தார்கள். அந்த மெல்லிய கோடு அரசனுக்குப் பயந்தது, ஆனால் முழுதாகப் பயப்படவில்லை.

ஹென்றிக்கு வேறொரு கவலையும் இருந்தது. அறுவடைக் காலத்தில் திருநாட்கள் அதிகம். கதிர் முற்றி நிற்கும்போது ஆட்கள் வேலைக்கு வருவதில்லை. 1536இல் ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் 29 வரையிலான திருநாட்களில் பெரும்பாலானவை விடுமுறை அந்தஸ்தை இழந்தன. மத காரணத்துக்கும் கூலிக் கணக்குக்கும் இடையே கோடு போடுவது அப்போதே கடினமாக இருந்தது.

இதற்கிடையில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அச்சுத் தொழில் பிறந்திருந்தது. சிவப்பு அதற்குப் பெரிய தலைவலி. 1455 வாக்கில் முடிந்த குட்டன்பர்க் விவிலியத்தின் தொடக்கப் பக்கங்கள் சிலவற்றில் தலைப்புகள் சிவப்பிலேயே அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொரு தாளையும் இருமுறை அழுத்தும் வேலை கட்டுப்படியாகாமல் போகவே, சீக்கிரமே அதைக் கைவிட்டார்கள். இடத்தை விட்டு அச்சடித்து, எங்கே என்ன சிவப்பில் எழுத வேண்டும் என்ற பட்டியலையும் தனியாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். மீதியை வாங்கியவர் ஆள் வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதியவர்களில் ஒருவர் மைன்ஸ் நகரின் புனித ஸ்தேவான் ஆலயத்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் கிரேமர். இன்று பாரிஸில் தேசிய நூலகத்தில் உள்ள பிரதியின் இரண்டு பாகங்களிலும் வேலை முடிந்த நாளை அவர் குறித்துவைத்தார்: ஒன்று 1456 ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள், மற்றது அதே மாதம் 24, திருத்தூதர் பர்த்தலமேயு நாள். குட்டன்பர்க் தன் விவிலியத்தில் தேதி எதுவும் அச்சிடவில்லை. அது எப்போதைக்குள் முடிந்தது என்று உலகம் உறுதியாகச் சொல்ல முடிவது, சிவப்பு எழுதிய இந்த மனிதர் தேதி போட்டதால்தான்.

1457 ஆகஸ்ட் 14இல் யோஹான் ஃபுஸ்டும் பீட்டர் ஷோஃபரும் வெளியிட்ட சங்கீத நூல் அந்தத் தலைவலிக்கு ஓர் அற்புதமான தீர்வைக் காட்டியது. தேதியும் அச்சிட்டோர் பெயரும் தாங்கிய முதல் ஐரோப்பிய அச்சுநூல் அது. அதன் பெரிய முதலெழுத்துகள் சிவப்பிலும் நீலத்திலும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. எழுத்தையும் அதைச் சுற்றிய கொடி வேலைப்பாட்டையும் தனித்தனி உலோகத் துண்டுகளாகச் செய்து, தனித்தனியே மை தடவி, மீண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தி அழுத்தியிருக்கிறார்கள் என்று கருதப்படுகிறது. அவ்வளவு பொறுமை வேறு யாருக்கும் இல்லை.

மற்ற அச்சகங்கள் எளிய வழிக்கு வந்தன. அச்சு எழுத்துக்கும் தாளுக்கும் நடுவே ஒரு தோலையோ தாளையோ சட்டத்தில் இழுத்துக் கட்டி, சிவப்பு வரவேண்டிய இடத்தில் மட்டும் சன்னல் வெட்டிவிடுவார்கள். ஒரு முறை சிவப்பு, ஒரு முறை கறுப்பு. இரண்டு முறையும் தாள் அதே இடத்தில் உட்காரவேண்டும் என்பதற்காக ஊசிகளில் குத்தி நிறுத்துவார்கள். தாள் ஒரு நூலளவு விலகினாலும் சிவப்பு வரி கறுப்பு வரியின் மேல் ஏறிவிடும். பழைய நாட்காட்டிகளில் இந்தத் தள்ளாட்டத்தைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். அப்படிப்பட்ட மறைப்புத் தோல்கள் சில, பிற்கால நூல்களின் அட்டைக்குள் கழிவாக ஒட்டப்பட்ட நிலையில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பல, வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட பழைய கையெழுத்து நூல்களின் ஏடுகள். கையால் எழுதிய சிவப்பை வெட்டித்தான் அச்சுச் சிவப்புக்குச் சன்னல் செய்தார்கள்.

இங்கிலாந்தின் சீர்திருத்தத் திருச்சபை 1549இல் வெளியிட்ட பொது வழிபாட்டு நூல், புனிதர்களின் நீண்ட பட்டியலை ஒரே வெட்டில் குறைத்தது. புதிய ஏற்பாட்டோடு தொடர்புள்ள நாட்களே பெரும்பாலும் மிஞ்சின. 1552இல் வந்த சட்டம் அனுசரிக்க வேண்டிய நாட்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அறுவடை போன்ற அவசர நேரங்களில் உழவரும் மீனவரும் அந்த நாட்களிலும் வேலை செய்யலாமென்று விலக்கும் தந்தது. 1561இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய பெயர்கள் நாட்காட்டிக்குள் திரும்பி வந்தன, ஆனால் கறுப்பில்தான். தனி வழிபாடு உள்ளது சிவப்பு எழுத்து நாள், பெயர் மட்டும் உள்ளது கறுப்பு எழுத்து நாள் என்ற பிரிவினை இப்படி நிலைபெற்றது. மலிவுப் பதிப்புகளில் செலவைக் குறைக்க எல்லாமே கறுப்பில் அச்சாகி, எழுத்தின் வடிவம் மட்டும் மாறியது. அப்போதும் மக்கள் சிவப்பு எழுத்து நாள் என்றே சொன்னார்கள்.

வழிபாட்டு நூலைவிட அதிக வீடுகளுக்குச் சிவப்பைக் கொண்டுபோனது ஆண்டுப் பஞ்சாங்கம். நூல் வணிகர் சங்கமான லண்டன் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி 1603இல் அதற்கு ஏகபோக உரிமை பெற்றது. 1660களில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பிரதிகள் விற்றன. கிரகநிலை, சந்தை நாட்கள், வானிலை ஆரூடம் எல்லாம் அதில் உண்டு. திருநாட்களும் நீதிமன்றத் தவணைகளும் சிவப்பில் வந்தன. நாட்டில் யார் ஆள்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும். மன்னனை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றம் 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் உட்படத் திருநாட்களையே ஒழித்தது. வேலைக்காரர்களும் தொழில் பழகும் பையன்களும் முணுமுணுக்கவே, ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை ஓய்வு நாளாகத் தந்தது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் திருநாட்களும் திரும்பின. கூடவே அரசியல் நாட்களும் சிவப்பேறின: நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்ட நவம்பர் 5, முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பிய மே 29. இவற்றுக்கான தேவாலய வழிபாடு 1859 வரை சட்டப்படி தொடர்ந்தது. 1660களில் தொடங்கிய ‘புவர் ராபின்’ என்ற நையாண்டிப் பஞ்சாங்கம், ஒரு பத்தியில் புனிதர்களையும் எதிர்ப் பத்தியில் புரட்சிக்காரர்களையும் கயவர்களையும் போட்டு, இந்த விளையாட்டையே கேலி செய்தது.

நீதிபதிகளின் உடுப்பிலும் இந்த நாட்கள் ஏறின. திருநாட்களில் சிவப்பு அங்கி அணிய வேண்டுமென்று 1635ஆம் ஆண்டின் விதிகள் கூறின. லண்டன் உயர் நீதிமன்றத்தில் குறிப்பிட்ட புனிதர் நாட்களையும் அரசரின் பிறந்தநாளையும் ‘சிவப்பு எழுத்து நாள்’ என்று அழைத்து அந்த அங்கி அணியும் வழக்கம் இன்னும் உண்டு.

தொழிற்புரட்சிக் காலத்தில் அதிகாரம் மீண்டும் கைமாறியது. இங்கிலாந்து வங்கி ஆண்டுக்கு 33 புனிதர் நாட்களில் மூடப்பட்டுவந்தது. 1834இல் அவை நான்காகச் சுருங்கின: புனித வெள்ளி, மே 1, நவம்பர் 1, கிறிஸ்துமஸ். பிற அலுவலகங்களில் குறைப்பு முன்பே தொடங்கியிருந்தது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் 1792 முதல் 1825 வரை கணக்கெழுதிய சார்லஸ் லேம் 1820இல் எழுதிய கட்டுரையில், பள்ளிக்கூடத்தில் தான் கொண்டாடிய சிவப்பு எழுத்து நாட்கள் அலுவலகத்தில் செத்துப்போனதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். ஆங்கில உரைநடையின் மிக இனிமையான கைகளில் ஒன்று பகலெல்லாம் கம்பெனியின் பேரேட்டில் கிடந்தது. அவருடைய புலம்பலில் பக்தி கொஞ்சம், விடுமுறை இழந்த குமாஸ்தாவின் எரிச்சல் அதிகம்.

இழந்ததில் ஒரு பகுதி 1871இல் வேறு வடிவில் திரும்பியது. வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினரும் டார்வினின் அண்டை வீட்டு நண்பருமான சர் ஜான் லுபாக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம், இங்கிலாந்துக்கு ஈஸ்டர் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26 ஆகியவற்றைத் தந்தது. அன்று உண்டியல் எனப்படும் வணிகக் கடன் சீட்டுகளுக்குப் பணம் கேட்க முடியாது, எனவே வங்கி மூடலாம், எனவே கடையும் மூடலாம் என்பது சட்டத்தின் தர்க்கம். ஆகஸ்ட் திங்களுக்கு மக்கள் வைத்த பெயர் ‘புனித லுபாக் திருநாள்’. கேலிதான், ஆனால் நாட்காட்டியைச் சிவப்பாக்கும் உரிமை யாரிடம் போய்விட்டது என்பதைச் சரியாகப் பிடித்த கேலி.

இருபதாம் நூற்றாண்டில் அச்சு மலிந்து, சுவரில் தொங்கும் நாட்காட்டி எல்லா வீட்டுக்கும் வந்தபோது, ஞாயிறும் அரசு விடுமுறையும் சிவப்பில் வருவது உலக வழக்கமாயிற்று. சுவீடனிலும் கொரியாவிலும் விடுமுறை நாளைப் பேச்சு வழக்கில் ‘சிவப்பு நாள்’ என்றே சொல்கிறார்கள். சோவியத் ஒன்றியம் இந்த முறையையே கலைத்துப் பார்த்தது. 1929இல் ஞாயிறை ஒழித்து ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நிறம். அந்த நிறம் தாங்கிய நாளில் அவருக்கு ஓய்வு. தொழிற்சாலை ஒருநாளும் நிற்காது. நாட்காட்டி ஐந்து நிறத்தில் பளபளத்தது. கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்று விழுந்த வீடுகளில் சேர்ந்து சாப்பிட ஒரு நாள் இல்லாமல் போனது. இரண்டே ஆண்டுகளில் அதைக் கைவிட்டு ஆறு நாள் வாரத்துக்கு வந்தார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பின.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிவப்பு ஆங்கிலேயர் அலுவலகம் வழியாக வந்தது. நம்முடைய பஞ்சாங்கம் நாளைத் திதியாலும் நட்சத்திரத்தாலும் அடையாளம் சொல்லும். மங்கலத்துக்கு நாம் வைப்பது மஞ்சள். இன்று சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் இரண்டையும் ஒரே தாளில் சேர்த்திருக்கிறது. ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்க, நடுவில் தேதி பெரிதாக நிற்கும். ஞாயிறோ அரசு விடுமுறையோ என்றால் அது சிவப்பு. ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது அங்குள்ள அச்சகங்களின் வழக்கம். எந்தத் தேதி சிவப்பு என்பதற்கு மட்டும் அவர்கள் அரசின் விடுமுறைப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டியலுக்கு அடிப்படை ஒரு வணிகச் சட்டம். உண்டியல், காசோலை போன்றவற்றை ஒழுங்குபடுத்த ஆங்கிலேயர் இயற்றிய 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், பணம் தரவேண்டிய நாள் பொது விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லும் 25ஆம் பிரிவில், பொது விடுமுறை எது என்பதையும் வரையறுத்தது. பொங்கலும் தீபாவளியும் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் தமிழ்நாட்டில் பொது விடுமுறையாவது இன்றும் அந்தப் பிரிவின்படிதான். ஒரு மாவட்டத்தின் தேரோட்டத்துக்கு ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை அதில் சேராது. அதனால்தான் அந்தச் செய்திக்குறிப்பின் கடைசி வரியில், இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்பதால் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும் என்று தவறாமல் போடுகிறார்கள். ஊரே கூடித் தேர் இழுக்கும் அந்த நாளின் தேதி, மாநிலம் முழுவதற்குமான காலண்டரில் கறுப்பாகவே இருக்கும்.